மடைப்பள்ளிப் புகை

உற்சவ காலங்களில் நடைபெறும் கைங்கர்யங்களுள் ததீயாராதனத்திற்குத் தனிச் சிறப்பு உண்டு. எம்பெருமானை ஆராதிப்பதினும் அவன் அடியாரை ஆராதிப்பது உயர்ந்தது என்பது ஸ்ரீவைஷ்ணவப் பெரியோர் கொள்கை. மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சுற்றுப்புறத்து ஊர்களிலிருந்து உற்சவ மூர்த்திகள் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்கின்றனர். தரிசித்துத் திரும்பும் அடியார்கள் ஆயிரக்கணக்கில் பந்தல்களிலும் மண்டபங்களிலும் அமர்ந்து அமுது செய்கின்றனர். அன்னமிட்டவருக்குப் புண்ணியம், உண்டவருக்குத் திருப்தி. இவ்விருவருக்கும் இடையே அடுப்பின்முன் நின்றவருக்கு என்ன கிடைக்கிறது? கூலி கிடைக்கிறது என்று உடனே விடை வரும். கூலியோடு புகையும் கிடைக்கிறது என்பதைச் சொல்வார் இலர்.

ஆயிரம் பேருக்குச் சமைக்கும் இடத்தை நள்ளிரவு கழிந்து இரண்டு மணிக்குச் சென்று காண வேண்டும். மண்டபத்தின் பின்புறம் தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ வேய்ந்த தாழ்ந்த கூடம். வரிசையாகக் கோட்டை அடுப்புகள். இப்பகுதியின் மணற்பாங்கில் செழித்து வளரும் சவுக்கே பெரும்பாலும் விறகு. மழை நனைத்த கட்டையாயின் பற்றுவதற்கு முன் ஒரு நாழிகை புகையும். காற்றடித்தால் அனல் சிதறும் என்று கதவைச் சாத்தியிருப்பார்கள். காக்கைக்கும் பூனைக்கும் அஞ்சி ஜன்னலையும் சாத்தியிருப்பார்கள். அண்டாவில் அரிசி கொதிக்கிறது. பக்கத்து இரும்புச் சட்டியில் வடை பொரிகிறது. விளக்கின் ஒளி மஞ்சளாகி, நான்கடி தூரத்தில் நிற்பவர் முகம் தெரியாது. ஸ்வயம்பாகி தோளில் கிடக்கும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உப்புப் பார்க்காமலேயே கை அளவால் உப்பிடுகிறார். காலை பத்து மணிக்கு இலை போடும்போது அங்கே புகை இராது. ஆகவே உண்பவர் எவரும் அதனைக் காண்பதில்லை.

இனி இதனைச் சாஸ்திர வழியில் நின்று ஆராய்வோம்.

பாடசாலையில் தர்க்கம் பயிலப் புகும் சிறுவனுக்கு முதலில் கற்பிக்கப்படும் அநுமானம் மலையையும் நெருப்பையும் பற்றியது. தொலைவில் மலைமீது புகை தெரிகிறது. ஆகவே அங்கே நெருப்பு உண்டு என்று துணிகிறோம். புகையுள்ள இடத்தில் நெருப்பு இருக்கும் என்பதற்குத் திருஷ்டாந்தம் எது? மகாநஸம், அதாவது சமையலறை. 17ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் இயற்றிய தர்க்க ஸங்கிரகத்தைப் படித்தவர் யாவரும் இதனை அறிவர். நெருப்பும் புகையும் இல்லாத இடத்திற்கு ஏரியைக் காட்டுவார்கள். இரண்டும் சேர்ந்திருக்கும் இடத்திற்குச் சமையலறையைக் காட்டுவார்கள். இவ்வாறு தலைமுறை தலைமுறையாகச் சமையலறைப் புகை அறிவுக்குச் சாதனமாக நின்று வந்துள்ளது. புகையைக் கண்டு நெருப்பை அநுமானித்த மாணாக்கர் ஆயிரம் ஆயிரம் பேர். அதே புகையைக் கொண்டு அங்கே இருமிக்கொண்டு நிற்பவர் ஒருவர் உண்டு என்று அநுமானித்தவர் எத்தனை பேர் என்பது தெரியாது. நெருப்பைப்போலவே அவரும் அப்புகையால் நிச்சயமாக அறியப்படுபவரே. ஆளில்லாமல் அடுப்பு எரிவதில்லை.

அந்தத் தர்க்க நூலே மேலும் ஒரு நுட்பத்தைக் கற்பிக்கிறது. இக்கட்டுரைக்கு அதுவே உயிர்நிலை. புகையிருந்தால் நெருப்பிருக்கும் என்பது சரி. நெருப்பிருந்தால் புகையிருக்கும் என்று அதனைத் திருப்பிச் சொல்லலாமா? கூடாது என்பர் நையாயிகர். பழுக்கக் காய்ச்சிய இரும்பு உருண்டையில் நெருப்பு உண்டு, புகை இல்லை. அப்படியாயின் சமையலறையில் புகை ஏன் வந்தது? நெருப்போடு ஈர விறகு சேர்ந்ததனால் வந்தது. இவ்வாறு இடையில் நுழைந்து காரியத்தை விளைவிக்கும் நிபந்தனைக்கு உபாதி என்று பெயர். காய்ந்த கட்டையும் புகைவதை அநுபவத்தில் கண்டவர்கள் இங்கே ஆட்சேபிக்கக்கூடும். அவர்கள் பொருட்டு உபாதியைச் சற்று விரித்து, எரிபொருள் முழுமையாக எரியாமை என்று கொள்ளலாம். இன்றைய ரஸாயன சாஸ்திரமும் அதையே சொல்கிறது. எவ்வாறாயினும் முடிவு ஒன்றே. புகை நெருப்பின் ஸ்வபாவம் அன்று. வந்தேறியது. வந்தேறியதை விலக்கினால் நெருப்புக்கு யாதொரு குறையும் நேராது.

இதனோடு கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தில் பகவான் அருளிய ஒரு வார்த்தையைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். தனக்கு இயல்பான கர்மம் தோஷத்தோடு கூடியதாயினும் அதனை விடலாகாது என்று சொல்லி, நெருப்பைப் புகை சூழ்வதுபோல் எல்லா முயற்சிகளையும் ஏதேனும் ஒரு தோஷம் சூழ்ந்தே இருக்கும் என்று அங்கே உபமானம் காட்டப்படுகிறது. இந்த உபமானத்தைச் சிலர் தமக்கு வசதியாகப் பயன்படுத்துவது உண்டு. "பெரிய காரியம் என்றால் சிறு கஷ்டம் இருக்கத்தான் செய்யும், ஊருக்கே சோறு போடும்போது நாலு பேர் கண் எரியாமல் இருக்குமா?" என்பார்கள். ஆனால் பகவான் அர்ஜுனனிடம் சொன்னது அவனுடைய கர்மத்தின் தோஷத்தை அவன் சுமக்க வேண்டும் என்பதே. ஒருவன் தன் தர்மத்தைச் செய்து அதன் தோஷத்தைப் பிறன் நெஞ்சில் ஏற்றலாம் என்று அந்த வாக்கியத்திற்குப் பொருள் கூறுவதற்கு இடமே இல்லை. உபயதாரர் செய்வது தர்மம். அந்தத் தர்மத்தைச் சூழ்ந்த புகையை விழுங்குகிறவர் பரிசாரகர். உபமானத்தில் நெருப்பும் புகையும் ஒரே இடத்தில் இருந்தன. நடைமுறையில் அவை பங்கிடப்பட்டுவிட்டன.

இதற்கு வலுவான மறுமொழி ஒன்று உண்டு. அதனை எளிதாகத் தள்ளிவிடலாகாது. மடைப்பள்ளிக் கைங்கர்யம் செய்த பழைய பெரியவர்கள் புகையைக் குறையாகக் கருதியதில்லை. பெருமாள் அடுப்பின் புகை நோய் செய்யாது என்று நம்பினார்கள். அந்தக் கண்ணெரிச்சலையே தவமாகக் கொண்டார்கள். கோடையில் பஞ்சாக்னி நடுவே நின்ற முனிவர்களைப் புராணங்கள் பேசவில்லையா? விசிறியும் குழாயும் வைத்துப் புகையைப் போக்கினால் கைங்கர்யத்தின் கடுமை குறைந்து அதன் பெருமையும் குறையாதோ?

தவம் என்பது தானே விரும்பி ஏற்பது. ஏகாதசியன்று உபவாஸம் இருப்பவன் தவசி. வேலைக்காரனுக்குச் சோறு போடாமல் வைத்தவன் தவம் செய்வித்தவன் ஆகமாட்டான். தன் கண்ணீரைத் தானே கைங்கர்யமாக ஸமர்ப்பித்த பரிசாரகரை வணங்க வேண்டும். அதைக் காரணம் காட்டி அடுத்து வரும் பதினெட்டு வயதுப் பிள்ளையையும் அதே புகையில் நிறுத்துவது வேறு விஷயம். கல்யாண மண்டபத்திலும் ஓட்டலிலும் மாதச் சம்பளத்திற்கு நிற்பவரிடம் தவத்தை எதிர்பார்ப்பதோ முற்றிலும் பொருந்தாது. பகவத் அபசாரத்தினும் பாகவத அபசாரம் கொடியது என்று ஸம்பிரதாயம் எச்சரிக்கிறது. அடியாரை இகழ்ந்து பேசுவது அபசாரமாயின், அடியாருக்காக அடுப்பெரிக்கும் அடியாரின் மூச்சைப் பொருட்படுத்தாதது என்னவாகும்? அதற்கு வேறு பெயர் வைக்க ஸம்பிரதாயத்தில் இடம் இருப்பதாகத் தோன்றவில்லை.

திருக்கோயில் மடைப்பள்ளியைப் பொறுத்தவரை வேறொரு சிக்கலும் உண்டு. ஆகமங்கள் பொதுவாக மடைப்பள்ளியை அக்நி மூலையில் விதிக்கின்றன. தளிகை எம்பெருமானுக்கு ஸமர்ப்பிக்கப்படும் வரை அதனைப் பிறர் காணலாகாது. ஆகையால் திரை உண்டு, கதவு உண்டு, வாயில் ஒன்றே. தளிகையின் மணம் பெருமாளுக்கு முன்னே பிறர் நாசிக்குச் சென்றால் அது உச்சிஷ்டத்திற்கு ஒப்பாகும் என்று அஞ்சி, சமைப்பவர் வாயையும் மூக்கையும் வஸ்திரத்தால் கட்டிக்கொள்ளும் வழக்கம் சில திவ்ய தேசங்களில் இன்றும் உள்ளது. எவ்வளவு நுட்பமான ஆசாரம்! நெய்யின் வாசனையைக்கூட மூக்கு திருடலாகாது என்று கருதியவர்கள் நம் முன்னோர். அந்த மூக்கின் வழியாகவே அன்றாடம் புகை உள்ளே செல்கிறது. வஸ்திரம் அதனைத் தடுப்பதில்லை. நெருப்பிலிருந்து எழும் மிக நுண்ணிய துகள்கள் துணியின் இழைகளுக்கு இடையே தாராளமாக நுழையும். ஆசாரம் தடை செய்தது கண்ணையும் பிறர் நாசியையும்தான். மேலே செல்லும் காற்றை எந்த ஆசாரமும் தடை செய்யவில்லை. பழைய மடைப்பள்ளிகள் பலவற்றில் விதானத்தில் புகை வழி விட்டிருப்பதைக் காணலாம். பிற்காலத்தில் மழை ஒழுகுகிறது, குரங்கு இறங்குகிறது என்று அவற்றைக் கல்வைத்து அடைத்தவர்கள் ஆகமத்தைக் கேட்டு அடைக்கவில்லை.

புகை கெடுதி என்பதற்குப் பிரமாணம் வேண்டுவோர் உண்டு. சென்னை ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் விறகடுப்பு எரியும் வீடுகளில் காற்றை அளந்து 2002ல் முடிவுகளை வெளியிட்டனர். நாள் முழுவதும் கணக்கிட்ட சராசரியில், சமைப்பவர் சுவாசித்த காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 231 மைக்ரோகிராம் நுண்துகள். சமையலில் ஈடுபடாதவருக்கு ஏறத்தாழ 90. இது நான்கைந்து பேருக்குச் சமைக்கும் வீட்டு அடுப்பின் கணக்கு. ஆயிரம் பேருக்கு எரியும் கோட்டை அடுப்பின் கணக்கை அன்பர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

"இப்போதுதான் எல்லா இடத்திலும் கியாஸ் வந்துவிட்டதே" என்று ஒரு ஸமாதானம் சொல்லப்படுவதுண்டு. கியாஸ் வந்ததனால் விறகுப் புகை பெரிதும் குறைந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் எண்ணெய்ப் புகை அப்படியே நிற்கிறது. பிரான்சு நாட்டின் லியோன் நகரில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2010ல் வெளியிட்ட நூலில், வீட்டில் விறகெரிப்பதால் எழும் புகையையும், மிகுந்த வெப்பத்தில் பொரிக்கும்போது எழும் ஆவியையும் ஒரே வகுப்பில் வைத்தது: மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் எனக் கருதத்தக்கவை. இதில் ஜிலேபிக்கும் வடைக்கும் விலக்கு இல்லை. கதவடைத்த கூடத்தில் ஒரே சமயத்தில் பல கியாஸ் அடுப்புகள் எரிந்தால் காற்றில் பிராணவாயு குறைந்து, நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு சேரும். விறகுப் புகையாவது கண்ணை எரித்து எச்சரித்தது; இது எச்சரிப்பதில்லை.

ஆகவே புகையைப் போக்கும் வழி வேண்டும். பெரிய ஓட்டல்களில் அடுப்பின் மேல் எஃகுத் தகட்டால் கவிழ்த்த குடைபோல் ஒன்று தொங்குவதை அன்பர்கள் கண்டிருக்கலாம். 'ஹூட்' என்று சொல்கிறார்கள். அதிலிருந்து ஒரு குழாய் கூரைக்கு மேலே செல்லும். அதன் முனையில் விசிறி காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும். அமைப்பு எளியது, அதனைச் சரியாக அமைத்த இடங்களோ குறைவு. அடுப்பிலிருந்து எழும் சூடான காற்று மேலே போகப் போக விரிந்துகொண்டே போகும். எனவே குடை அடுப்பைவிடப் பெரியதாக, எல்லாப் பக்கங்களிலும் குறைந்தது அரை அடி வெளியே நீண்டிருக்க வேண்டும். அடுப்பின் அளவுக்கே வெட்டிய குடை ஓரத்துப் புகையை முழுதும் விட்டுவிடும். உள்ளே தகட்டுச் சல்லடைகளைச் சாய்வாகச் செருகியிருப்பார்கள். எண்ணெய் ஆவி அதில் மோதித் திரண்டு கீழேயுள்ள வாய்க்காலில் வடிய வேண்டும் என்பதற்காக அந்தச் சாய்வு.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது ஒன்று. பலர் தவறுவதும் அதில்தான். விசிறியை எங்கே வைப்பது? சுவரில் எங்கே துவாரம் எளிதாகக் கிடைக்கிறதோ அங்கே வைத்துவிடுகிறார்கள். அது சமைப்பவருக்குப் பின்புறச் சுவராக அமைந்துவிட்டால், அடுப்பிலிருந்து எழும் புகை முழுவதும் அவர் முகத்தைக் கடந்துதான் விசிறிக்குப் போகும். விசிறி இல்லாமல் இருந்திருந்தால் அதில் ஒரு பகுதியாவது மேலே போயிருக்கும். காசு செலவழித்து, மின்சாரம் செலவழித்து, ஒரு மனிதனின் மூக்கைப் புகைக்கு வழியாக ஆக்கியதுதான் மிச்சம். நல்ல காற்று அவர் முதுகுப்பக்கமிருந்து வந்து, அவர் தலையைக் கடந்து அடுப்புக்குச் சென்று, அங்கிருந்து புகையோடு மேலே போக வேண்டும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, தூசியும் ஆவியும் பிறக்கும் இடத்திற்கு இயன்றவரை அருகிலேயே உறிஞ்சும் கருவியை வைக்கச் சொன்னது. பிறந்த இடத்தில் பிடிக்காத புகையைப் பிறகு தேடிப் பிடிப்பது இயலாத காரியம் என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் உணர்ந்திருந்தனர். ஆயினும் கோயில் மடைப்பள்ளியையும் மண்டபத்துச் சமையற்கூடத்தையும் தொழிற்சாலையாக எவரும் நினைப்பதில்லை.

வெளியே போகும் காற்றின் அளவுக்கு உள்ளே காற்று வர வழியும் இருக்க வேண்டும். கதவு ஜன்னல்களைச் சாத்திவிட்டு எவ்வளவு பெரிய விசிறியை ஓட்டினாலும் அது வெறுமனே சுழலும். கூடம் தாகித்து, பக்கத்து அடுப்பின் புகைக்குழாய் வழியாகவே காற்றைக் கீழே இழுத்துக்கொள்வதும் உண்டு. ஆகவே காக்கைக்கு அஞ்சுவோர் ஜன்னலுக்கு வலை அடிக்கலாமேயன்றிப் பலகை அடிக்கலாகாது.

போன புகை எங்கே போகிறது? புதுச்சேரி போன்ற நகரத்தில் இக்கேள்வியைத் தவிர்க்க இயலாது. தமிழர் வீதிகளில் வீட்டுக்கு வீடு பொதுச்சுவர். திண்ணை, தாழ்வாரம், நடுவே வானம் பார்த்த முற்றம் என்று கட்டிய பழைய வீடுகளில் புகை முற்றத்தின் வழியே மேலேறிப் போயிற்று. குசினி என்று ஐரோப்பியர் வழி வந்த சொல்லால் வழங்கப்பட்ட சமையற்கட்டு வீட்டின் பின்கோடியில் இருந்தது. இப்போது அத்தகைய வீடுகள் பல உணவு விடுதிகளாகிவிட்டன. நான்கு பேருக்குச் சமைத்த பின்கட்டில் நூறு பேருக்குச் சமைக்கிறார்கள். முற்றத்துக்குக் கண்ணாடி மூடி போட்டு மேஜை நாற்காலிகள் இட்டாயிற்று. புகைக்குழாய் பக்கத்துச் சந்தில், தலை உயரத்தில், அடுத்த வீட்டு ஜன்னலை நோக்கித் திரும்பி நிற்கிறது. தன் வேலைக்காரனின் மூச்சைக் காத்தவன் அண்டைவீட்டுக் கிழவியின் மூச்சில் அதனை இறக்கிவிட்டான். இது தோஷத்தைப் போக்கியது ஆகாது, கை மாற்றியதேயாகும். குழாய் கூரைக்கு மேலே, அண்டைக் கூரைக்கும் மேலே உயர்ந்து, வானத்தை நோக்கி நிமிர்ந்திருக்க வேண்டும். அதற்குக் கூடுதலாகும் சில அடித் தகட்டின் செலவே இங்கே தர்மத்துக்கும் அதர்மத்துக்கும் உள்ள வித்தியாசம்.

அடுப்பின் மேல் என்ன இருக்கிறது என்று பாராமையின் விலையைத் தமிழ்நாடு ஒருமுறை பெரிதாகக் கொடுத்தது. 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் தேதி, கும்பகோணம் காசிராமன் தெருவில் ஒரு பள்ளியில் மதிய உணவு சமைத்த இடத்திலிருந்து கீற்றுக் கூரையில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு இடுவதில் புதுச்சேரிக்கு நெடிய வரலாறு உண்டு. பிரெஞ்சு ஆட்சியிலேயே, 1930ல் அது இங்கே தொடங்கியது. பசித்த குழந்தைக்குச் சோறிடுவதினும் உயர்ந்த அன்னதானம் இல்லை. அந்த அன்னதானத்திற்கு மூட்டிய தீயே அவ்வாறு ஆயிற்று. சமைக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், அரிசி இருந்தது, மனம் இருந்தது. கூரையைப் பார்க்க ஒருவரும் இருக்கவில்லை.

எஃகுக் குழாய் இருந்தாலும் அபாயம் முற்றும் நீங்காது. எண்ணெய் ஆவி குழாயின் உட்புறத்தில் மெழுகுபோல் படிந்துகொண்டே வரும். சட்டியில் ஒரு நாள் தீ எழும்பினால் அந்தப் படிவு திரியாகி, தீயை மேலே இழுத்துச் செல்லும். லட்டுப் பிரஸாதத்திற்குப் பெயர் பெற்ற திருமலையிலேயே 2019 டிசம்பரில் பூந்திக் கூடத்தில் தீப்பற்றி அணைக்கப்பட்டது. நாள்தோறும் லட்சக்கணக்கில் லட்டு பிடிக்கும் இடத்தில் நெய் ஆவி எத்தனை படியும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

புகையைப் போக்குவது ஒரு வழி; புகையே எழாமல் செய்வது மற்றொன்று. தர்க்கத்தில் சொன்ன பழுக்கக் காய்ச்சிய இரும்பு இங்கே நினைவுக்கு வருகிறது. வார்தாவில் காந்தியடிகளின் கிராமக் கைத்தொழில் இயக்கத்தார் 1947ல் மகன் சுல்லா என்னும் புகைபோக்கி அடுப்பை வகுத்தனர். ஐதராபாத்தைச் சேர்ந்த பொறியியலறிஞர் எஸ்.பி. ராஜு கோடிக்கணக்கானோருக்குப் புகையில்லாச் சமையலறை என்று பொருள்படும் தலைப்பில் ஓர் ஆங்கில நூலை 1953ல் சென்னையில் வெளியிட்டார். எழுபது ஆண்டுகள் கடந்தும் அந்தத் தலைப்பு பழையதாகவில்லை என்பது வருந்தத்தக்கது.

புதுச்சேரிக்கு வடக்கே ஏறத்தாழ இரண்டு காத தூரத்திற்குள் உள்ள ஆரோவில்லில் 1997ல் திறக்கப்பட்ட பொதுச் சமையற்கூடத்தின் கூரையில், 15 மீட்டர் விட்டமுள்ள ஒரு பெரிய கிண்ணம் அமைக்கப்பட்டது. உட்புறம் முழுதும் கண்ணாடி பதித்த கிண்ணம். அது அசையாது, சூரியன் நகர நகர, ஒளி குவியும் இடத்தைத் தேடிக்கொண்டு நீராவிக் கலம்தான் நகரும். கீழே அண்டாவில் அரிசியை வேகவைப்பது அந்த நீராவி. திருமலையில் 2002ல் இதே நோக்கத்தோடு 106 குழியாடிகள் நிறுவப்பட்டன. நாளொன்றுக்குச் சுமார் 15,000 பேருக்குச் சமைக்கும் அளவு நீராவி தருவதற்காக அவை வகுக்கப்பட்டவை. அங்கே 2021ல் திறந்த புதிய பூந்திக் கட்டடத்தில் நெய்ச் சட்டியின் அடியில் நேரடி ஜ்வாலை இல்லை. வேறிடத்தில் சூடேற்றிய எண்ணெய் குழாய் வழியே வந்து சட்டியைச் சூடாக்கித் திரும்பிச் செல்கிறது. இவ்விடங்களில் நெருப்பின் காரியம் நடக்கிறது. சமைப்பவர் அருகே அடுப்புப் புகை இல்லை. பெருமாளுக்கு விறகில் சமைத்த தளிகையே உகக்கும் என்று கருதும் ஸ்தலங்களில் வழக்கத்தை மாற்ற வேண்டும் என்று எவரும் வற்புறுத்தலாகாது. அங்கே காய்ந்த விறகும், அடைபடாத விதானத் துவாரமும் போதிய உதவி செய்யும். மண்டபங்களுக்கும் அன்னதானக் கூடங்களுக்கும் அந்தத் தடை இல்லையே.

செலவு என்ற பேச்சு இங்கே எழும். கோயில்களுக்கு உபயம் செய்வோர் நம் நாட்டில் என்றும் குறைந்ததில்லை. ட்யூப் லைட்டின் மீது இன்னார் உபயம் என்று சிவப்பு மையில் எழுதி, அந்த எழுத்தே பாதி வெளிச்சத்தை மறைப்பதைப் பார்த்திருக்கிறோம். மணிக்கும் கவசத்துக்கும் வாகனத்துக்கும் உபயதாரர் வரிசையில் நிற்கின்றனர். புகைபோக்கிக்கு ஒருவரும் வருவதில்லை. வந்தாலும் பெயரை எங்கே எழுதுவது? ஒரு பக்ஷத்திற்குள் கரி மூடிவிடும். பெயர் தெரியாமல் செய்யும் கைங்கர்யத்தின் சிறப்பைப் பற்றி உபந்நியாஸம் கேட்டுக் கண்ணீர் விடுகிறவர்களுக்கு அதனைச் செய்து பார்க்க இதைவிட ஏற்ற இடம் கிடைக்காது.

குழாய் வாங்கப் பொருளில்லாதவருக்கும் ஒரு வேலை உண்டு. ஹூட்டில் செருகிய தகட்டுச் சல்லடைகளை வாரம் ஒரு முறையாவது, பொரிக்கும் வேலை மிகுந்த உற்சவ நாள்களில் தினந்தோறும், கழற்றிக் கழுவ வேண்டும். கழுவாத சல்லடை காற்றை விடாது. விசிறி ஓடும், புகை கூடத்திலேயே நிற்கும். இரவு தளிகை முடிந்து அடுப்பு ஆறியபின், அவற்றை இறக்கி, சோடா உப்புக் கலந்த கொதிநீரில் ஒரு நாழிகை ஊறப்போட்டு, நாரால் தேய்த்தால் கறுத்த எண்ணெய் கழன்றுவிடும். ஈரம் உலர்ந்த பிறகு, சாய்வு கீழ்நோக்கி வடியும்படி பார்த்து மீண்டும் செருக வேண்டும். மறுநாள் விடியற்காலை இரண்டு மணிக்கு அடுப்பு மூட்ட வருகிறவருக்கு அதனைச் செய்தவர் யார் என்று தெரியாது.